அக்தர் பேகம் படித்த பரீட்சை

அரூரில் புளி மண்டிகள் இருக்கும் தெருவுக்குப் போய், ‘சவுதிக்காரர் வூடு எது?’ என்று கேட்டால் பச்சை வர்ணம் அடித்த ஒரு கதவைக் காட்டுவார்கள். அந்த வீட்டில் எல்லாரும் இருப்பார்கள், சவுதிக்காரர் மட்டும் இருக்க மாட்டார். எல்லாரும் என்றால் இரண்டே பேர்தான்: அப்துல் சுபானின் தாயார் அமீருன்னிசா, மனைவி அக்தர் பேகம்.

சுபான் ஐ.டி.ஐ.யில் கட்டட வரைபடம் படித்துவிட்டு, சவுதியில் தம்மாமில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தான். 1985 பிறந்தபோது அவனுக்கும் அக்தருக்கும் கல்யாணமாகி நாலு வருஷம். அந்த நாலு வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து இருந்தது நூற்றேழு நாள். கல்யாணத்துக்கென்று எடுத்த லீவில் நாற்பத்தேழு, எண்பத்து மூன்றில் வந்தபோது அறுபது. இந்தக் கணக்கை அக்தரிடம் யாரும் கேட்கவில்லை. ‘இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லியா?’ என்று மட்டும் ஊரே கேட்டது. நூற்றேழு நாளில் எத்தனை விசேஷத்தைத்தான் நடத்திக் காட்டுவது!

அந்த ஜனவரியில் சுபானிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கம்பெனியில் பிளானிங் பிரிவு என்று ஒன்று இருக்கிறதாம். அதில் சூப்பர்வைசர் ஆகிவிட்டால் தனிக் குவார்ட்டர்ஸ், குடும்ப விசா. அதற்குப் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் என்று ஒரு சர்ட்டிஃபிகேட் வேண்டும். மெட்ராஸில் ஒரு கல்வி நிலையம் தபாலிலேயே அதைச் சொல்லிக் கொடுக்கிறது. பதினெட்டுப் பாடம், ஒன்பது விடைத்தாள், கடைசியில் சேலத்தில் ஒரு பரீட்சை. வெளிநாட்டு விலாசத்துக்குப் பாடம் அனுப்ப மாட்டார்கள் என்பதால் அரூர் விலாசத்தைக் கொடுத்திருந்தான். ‘இதை மட்டும் பாஸ் பண்ணிட்டா உன்னை இங்க கூட்டிக்கலாம், இன்ஷா அல்லாஹ். எங்க எஞ்சினியரே சொல்லிட்டாரு’ என்று கடைசி வரி.

அந்தக் கடைசி வரியை அக்தர் அன்றைக்கு எத்தனை தரம் படித்தாள் என்று கேட்காதீர்கள். மாமியாருக்குப் படித்துக் காட்டும்போது மட்டும் அதை விட்டுவிட்டாள்.

இரண்டு வாரத்தில் தபால்காரர் பச்சியப்பன் ஒரு பழுப்பு உறையைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார்.

“ஏம்மா, சுபான் பேருக்கு ரிஜிஸ்தர் வந்திருக்குது. அவருதான் இங்க இல்லியே, திருப்பி அனுப்பிடட்டுமா?”

“ஐயையோ வேணாங்கண்ணா! அவரு படிக்கற பாடம் அது. நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன்.”

“அது சரி. படிக்கறது அவரு, கையெழுத்து நீங்களா?” என்று சிரித்துக்கொண்டே நோட்டை நீட்டினார் பச்சியப்பன்.

ஒரு கையெழுத்தில் தொடங்கியதுதான் எல்லாமே. முதல் பாடத்தை அப்படியே மடித்து சவுதிக்கு அனுப்பினாள். போய்ச் சேர இருபது நாள் ஆனது. அவன் விடை எழுதி அனுப்பி, அது இங்கே வந்து, இங்கிருந்து மெட்ராஸ் போவதற்குள் கெடு தாண்டிவிட்டது. இரண்டாவது கட்டு உறை கிழிந்து பாதிப் பாடத்தோடு போய்ச் சேர்ந்தது. மூன்றாவது போய்ச் சேரவே இல்லை. மெட்ராஸிலிருந்து ஒரு கார்டு வந்தது: இன்னும் ஒரு விடைத்தாள் தவறினால் பரீட்சைக்கு உட்கார முடியாது.

கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அக்தர் அடுப்படியில் நெடுநேரம் நின்றாள். பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை போனவள் அவள். கணக்கில் தொண்ணூற்றொன்று. மேலே படிக்கட்டுமா என்று கேட்டபோது, ‘படிச்சுட்டு என்ன கலெக்டருக்கா வேலைக்குப் போவப் போறே?’ என்று அவளைப் பெற்ற அத்தா கேட்டார், அதோடு சரி. ஆங்கிலம் படித்தால் புரியும், வேகமாக வராது. ஒரு டிக்‌ஷனரியைத் தேடி எடுத்துத் தூசி தட்டினாள். அந்த விடைத்தாளைப் புருஷன் பேரில், புருஷன் கையெழுத்து மாதிரியே சாய்த்து எழுதி அவளே அனுப்பிவிட்டாள். நூற்றுக்கு ஐம்பத்திரண்டு வந்தது.

ஐம்பத்திரண்டு அவளுக்குப் பொறுக்கவில்லை. ரோஷக்காரி. அடுத்த பாடத்தை மூன்று தரம் படித்தாள். மதியம் லுஹர் தொழுகை முடித்து மாமியார் படுத்ததும் அவள் உட்காருவாள், மூன்றரை மணிக்கு மாமியார் எழுந்து டீ கேட்கும்வரை எழுந்திருக்க மாட்டாள்.

பாடம் ஒன்றும் பூதம் இல்லை என்று மெல்லத் தெரிந்தது. ஒரு பெரிய வேலையைச் சின்னச் சின்ன வேலையாகப் பிரிக்க வேண்டும். எது முடிந்தால் எது தொடங்கும் என்று அம்புக்குறி போட்டு வலை மாதிரி வரைய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் என்று எழுதிக்கொண்டே போனால், ஒரு நாள் தவறினாலும் மொத்த வேலையும் தவறிவிடும் என்று ஒரு பாதை வரும். அதற்குக் கிரிட்டிக்கல் பாத் என்று பெயர். அந்தப் பாதையில் இல்லாத வேலைகளைத் தள்ளிப்போடலாம். எத்தனை நாள் தள்ளினால் யாருக்கும் கேடில்லையோ, அதற்கு ஃப்ளோட் என்று பெயர்.

புத்தகத்தில் அணைக்கட்டு, பாலம் என்று உதாரணம் கொடுத்திருந்தார்கள். அணைக்கட்டை அவள் எங்கே கண்டாள்? ஜன்னலுக்கு வெளியே தெரு முழுக்கப் புளி காய்ந்துகொண்டிருந்தது. தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும். காய வைப்பார்கள், ஓடு தட்டுவார்கள், கொட்டை எடுப்பார்கள், பாயில் அழுத்திக் கட்டுவார்கள். காயாமல் ஓடு தட்ட முடியாது, கொட்டை எடுக்காமல் கட்ட முடியாது. அது கிரிட்டிக்கல் பாத். எடுத்த கொட்டையை இன்றைக்கும் விற்கலாம், அடுத்த மாசமும் விற்கலாம், அது ஃப்ளோட். இவ்வளவுதானா என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. அந்த விடைத்தாளுக்கு எழுபத்தெட்டு.

“ஏம்மா அக்தரு, தினமும் என்னாத்தைக் குத்திக் குத்தி எழுதறே?” என்று அமீருன்னிசா கேட்டாள்.

“அவருக்குப் பரீட்சைங்க மாமி.”

“அவனுக்குப் பரீட்சைன்னா உனக்கு ஏன் கண்ணுக்குக் கீழ கருப்பு உழுவுது?” என்றாள் மாமியார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் பதிலுக்காகக் கேட்பவை அல்ல.

விடைத்தாளை இவள் எழுதலாம், பரீட்சையை இவள் எழுத முடியாதே. அவனுக்குப் பாடம் போய்ச் சேர வேண்டும். பிரதி எடுத்து அனுப்பிய பாடங்களைப் பற்றிச் சுபான் ஒரு கடிதத்தில் அழாத குறையாக எழுதினான். பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு அறைக்கு வந்தால் பொடி எழுத்து கண்ணில் ஊர்கிறது. ‘நீதான் புரிஞ்சுக்கிட்டியே, அதைத் தமிழ்ல கேசட்டுல பேசி அனுப்பு. கேட்டுக்கறேன்.’

கேசட் பேசுவது என்பது அந்தக் காலத்தில் சவுதிக்காரர் வீடுகளில் ஒரு சடங்கு மாதிரி. பதிவு பண்ணும் நாளில் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் என்று பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் தாயார் பேச வேண்டும். பிறகு மாமா, சித்தப்பா, அத்தை, யார் யாருக்கு என்னென்ன வேண்டும் என்ற பட்டியல். கடைசியில், ‘இந்தாம்மா, நீயும் ரெண்டு வார்த்தை பேசு’ என்று மனைவியிடம் மைக்கை நீட்டுவார்கள். பத்துப் பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் புருஷனிடம் என்ன பேசுவாள்? ‘நல்லா இருக்கேங்க, நீங்க எப்பிடி இருக்கீங்க, உடம்பைப் பாத்துக்குங்க.’ நாலு வருஷமாக அக்தர் பேசியது இவ்வளவுதான்.

பாடக் கேசட் பேச ஆரம்பித்த முதல் நாளும் அமீருன்னிசா வழக்கம்போல எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அக்தர் கிரிட்டிக்கல் பாத் என்று தொடங்கினாள். ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்த மாமியார், “எனக்குத் தலையைச் சுத்துதும்மா” என்று எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். அதற்குப் பிறகு பாடம் கேட்க யாரும் வரவில்லை.

கல்யாணமான பிறகு முதல் தடவையாக அக்தர் தன் புருஷனோடு தனியாகப் பேசினாள். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம், இரண்டு பக்கம். பேசியது பாடம்தான், அதே புளி உதாரணத்தோடு. வேறு ஏதாவது சொல்ல நாக்கு நுனிவரை வரும். வெட்கமாக இருக்கும், அவனுடைய பரீட்சை நேரத்தை வீணாக்குகிறோமோ என்றும் இருக்கும். கடைசியில் ‘அவ்வளவுதாங்க, உடம்பைப் பாத்துக்குங்க’ என்று நிறுத்திவிடுவாள். ஆனாலும் கேசட் பேசிய நாளில் சோறு இறங்கியது. சவுதிக்குப் போகிறவர்கள் யார் என்று விசாரித்து, அவர்கள் கையில் கொடுத்து அனுப்பினாள். ஒன்பது மாசத்தில் பதினான்கு கேசட்.

மெட்ராஸில் விடைத்தாள் திருத்தும் வாத்தியாருக்கு முகம் கிடையாது, சிவப்பு மையில் ‘ஆர்.எஸ்.’ என்ற இரண்டு எழுத்து மட்டும்தான். ‘மிஸ்டர் சுபான், உங்கள் வலைப்படம் சுத்தமாக இருக்கிறது.’ ‘மிஸ்டர் சுபான், இந்தக் கணக்கை இவ்வளவு சுருக்கமாக யாரும் போட்டதில்லை.’ இந்த வரிகளுக்காக அவள் பச்சியப்பன் வரும் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அரூரில் அவளைப் பார்த்து நன்றாகச் செய்தாய் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. சொன்ன அந்த ஒரே ஒருவரும் அவளை ‘மிஸ்டர்’ என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பத்தாவது பாடம் படித்த மதியம், கை சும்மா இராமல் தன் வீட்டுக்கே ஒரு வலைப்படம் போட்டுப் பார்த்தாள். சுபானின் தங்கைக்கு நடந்து முடிந்த கல்யாணம், பழைய ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டது, அடுத்த வருஷம் மாமியாருடைய ஹஜ், கம்பைநல்லூரில் வாங்க நினைத்திருக்கும் நிலம். எல்லா அம்பும் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடின. ‘அக்தரைக் கூட்டிக்கொள்வது’ என்ற அம்பு மட்டும் ஓரமாகத் தனியே கிடந்தது. அதை ஒரு வருஷம் தள்ளினாள், எதுவும் கெடவில்லை. ஐந்து வருஷம் தள்ளினாள், அப்போதும் எதுவும் கெடவில்லை. எத்தனை நாள் தள்ளிப்போட்டாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாத வேலை என்று அந்த வீட்டில் ஒன்று இருந்தது, அது அவள்தான். தாளைக் கசக்கி அடுப்பில் போட்டுவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். யார்மேல் கோபம் என்று அவளுக்கே விளங்கவில்லை. மூன்றரைக்கு மாமியார் எழுந்து டீ கேட்டாள், போட்டுக் கொடுத்தாள்.

எண்பத்தாறு ஏப்ரல் முதல் வாரத்தில் சுபான் வந்தான். ஒரு மாசம் லீவு, மாசக் கடைசியில் பரீட்சை. இருபத்து நாலு நாள் இருக்கிறது, ஒரு பாடத்துக்கு ஒரு நாள் என்றால்கூடப் போதும் என்று அக்தர் திட்டம் போட்டு வைத்திருந்தாள். திட்டம் போடுவதில்தான் அவள் தேர்ந்துவிட்டாளே. ஆனால் அறைக்காரர்களின் பார்சலை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

சுபானோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள் ஏழு பேர். எல்லாரும் கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், பாலக்கோடு என்று நம் பக்கத்துக்காரர்கள். லீவில் வருகிறவன் ஏழு பேருடைய பார்சலையும் அவரவர் வீட்டில் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு வந்துவிட முடியுமா? உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிடாமல் எழுந்தால், தங்கள் பிள்ளைக்கு அங்கே ஏதோ ஆகிவிட்டது, இவன் மறைக்கிறான் என்று அந்த வீட்டுப் பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கே எட்டு நாள் போனது. பிறகு சொந்தக்காரர்கள் வீட்டு விருந்து, தாவத். பெரியப்பா வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சித்தப்பா வீட்டுக்குப் போகாவிட்டால் ஆயுசுக்கும் பேச்சு நின்றுவிடும்.

“ஏங்க, பரீட்சைங்க” என்பாள் அக்தர்.

“எனக்கு மட்டும் தெரியாதா? போவாட்டி சும்மா வுடுவாங்களா?” என்பான் சுபான். அவன் சொன்னதிலும் தப்பில்லை.

ஏப்ரல் பதினேழாம் தேதி மதியம்தான் அவன் வீட்டில் தங்கினான். அக்தர் பாடக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டு, “இப்ப ஒரு வேலைய எடுத்துக்குங்க. அதுல இருக்கற ஒவ்வொரு ஆக்டிவிட்டியும்” என்று தொடங்கினாள். இரண்டு நிமிஷத்தில் சுபானின் கண் சொருகியது. நாலாவது நிமிஷத்தில் தலை சுவரில் சாய்ந்துவிட்டது.

தாவத் சாப்பாட்டு மயக்கம் என்று விட்டாள். மறுநாள் காலையில் வெறும் டீயோடு உட்காரவைத்தாள். ஆக்டிவிட்டி என்று சொன்னாளோ இல்லையோ, கொட்டாவி. மூன்றாம் நாள் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அன்றைக்கும் குறட்டை.

“நான் சொல்றது உங்களுக்கு அவ்வளவு சப்புனு இருக்குதா?” எழுப்பி உட்காரவைத்துக் கேட்டாள்.

சுபான் தலையைச் சொறிந்தான். “கோவிச்சுக்காதே அக்தர். அங்க எனக்குத் தூக்கமே வராது. அந்த ஏசி போடற சத்தம், எட்டுப் பேரு மூச்சு, நாளைக்கு என்னாகுமோன்னு நெனப்பு. உன் கேசட் வந்துச்சு. போட்டுக் கேட்டேன். பாடம் ஏறல. ஆனா பத்து நிமிஷத்துல நல்ல தூக்கம் வந்துருச்சு. அப்புறம் தெனமும் போட்டேன். ஒம்பது மாசமா உன் குரலைக் கேட்டுத்தான் தூங்கறேன்.”

அக்தர் பாடக் கட்டை மூடி வைத்தாள்.

“நான் மட்டும் இல்ல,” என்றான் அவன், எதையும் மறைக்கத் தெரியாதவன். “ரூமுல எல்லாரும்தான். ‘பாய், அண்ணியோட பாடம் போடுங்க’ன்னு அவனுங்களே கேப்பானுங்க. திருப்பத்தூர் அன்வர் பாஷா புளிக்கொட்டை வர்றதுக்குள்ள தூங்கிடுவான்.”

“அல்லாவே! எட்டு ஆம்பளைங்க என் குரலைக் கேட்டாங்களா?”

அவளுக்கு முதலில் வந்தது சிரிப்புதான். தெருவில் நாலு ஆண்கள் நின்றால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போகிறவள், ஒன்பது மாசமாக எட்டுப் பேரைத் தாலாட்டியிருக்கிறாள். வயிறு வலிக்கச் சிரித்தாள், சுபானும் சேர்ந்து சிரித்தான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்களே, இது அதைவிட மோசம். சிரித்துக்கொண்டிருந்தவளுக்கு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. ஊரில் யாரோடும் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து வைத்து, பாடம் என்ற பேரில் அந்த டேப் பெட்டிக்குள் பேசியிருந்தாள். ஒரு சொல்லையாவது அவன் விழித்திருந்து கேட்டிருக்கக் கூடாதா?

பரீட்சைக்கு இன்னும் ஏழு நாள். அழுதுகொண்டிருக்க நேரமில்லை. அவளே வழி கண்டுபிடித்தாள். அவள் பேசினால்தானே அவனுக்குத் தூக்கம்? பேசாமல் சொல்லிக்கொடுத்துவிட்டால் போகிறது. ஒரு நோட்டை வாங்கி எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். அவள் எழுதுவாள், வரைவாள், விரலால் அம்புகளைக் காட்டுவாள். அவன் வாய்விட்டுக் கேட்பான், அவள் எழுதிப் பதில் சொல்வாள். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, “சண்டையா?” என்று கேட்டாள். இல்லை என்று அக்தர் தலையை ஆட்டினாள்.

மூன்று வருஷம் கழித்து வந்த புருஷன். கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் சொல்ல ஆயிரம் இருந்தது. ‘விசேஷம்’ கேட்கிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுப்பில் போட்ட வலைப்படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாஸாகிவிட்டால் ஆயுசு பூராவும் பேசிக்கொள்ளலாம் என்று ஏழு நாளும் வாயைக் கட்டிக்கொண்டாள். ஏழு நாளில் அவன் ஏழெட்டுப் பாடம் தேறினான். பதினெட்டும் ஏழு நாளில் யாருக்கு ஏறும்?

பரீட்சைக்கு அவளும் கூடப் போனாள். காலை முதல் பஸ்ஸைப் பிடித்துச் சேலம் போய், ஒரு கல்லூரி வாசலில் அவனை உள்ளே அனுப்பிவிட்டு, எதிரே டீக்கடைப் பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்தவன் கேள்வித்தாளை அவளிடம் கொடுத்தான். ஏழு கேள்வி. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். ஏழுக்கும் அவளுக்கு விடை தெரியும். நாலாவது கேள்வி ஒன்பதாம் விடைத்தாளில் வந்த கணக்கேதான், எண்களை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

“எப்படிங்க எழுதினீங்க?”

“ரெண்டு நல்லா எழுதினேன். ஒண்ணு பாதி. மிச்சத்துக்குப் படம் போட்டு வெச்சிருக்கேன்.” கொஞ்ச தூரம் போன பிறகு, “அந்த நாலாவது எப்பிடிப் போடணும்?” என்று கேட்டான்.

மெல்லிய குரலில் அவள் சொல்ல ஆரம்பித்தாள். மஞ்சவாடிக் கணவாய் ஏறுவதற்குள் அவன் தலை அவள் தோளில் விழுந்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. விடை வரும்வரை முழுக்கணக்கையும் சொல்லி முடித்தாள்.

மே மாசம் முதல் வாரம் சுபான் திரும்பிப் போனான். ஜூலைக் கடைசியில் பச்சியப்பன் மெட்ராஸ் உறையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “நல்ல சேதியாம்மா?” என்று கேட்டபடி அங்கேயே நின்றார். அவளோடு சேர்ந்து பதினெட்டுப் பாடத்தையும் சுமந்த மனுஷர் அல்லவா? விடைத்தாள்களில் சிறந்த ஐந்துக்கு முப்பதுக்கு இருபத்தாறு. பரீட்சைக்கு எழுபதுக்குப் பத்தொன்பது; அதில் தனியாக இருபத்தெட்டு எடுத்தால்தான் பாஸ். அடியில் சிவப்பு மையில் ஒரு வரி: ‘மிஸ்டர் சுபான், அன்றைக்கு உங்களுக்கு உடம்பு சரியில்லையா? நீங்கள் முதலாவதாக வருவீர்கள் என்று நினைத்திருந்தேன்.’

“போயிடுச்சுங்கண்ணா” என்றாள் அக்தர்.

பச்சியப்பன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

முதலாவதாக வந்திருக்க வேண்டிய அந்த ‘மிஸ்டர்’ அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். ஆர்.எஸ்.ஸுக்கு ஒரு கடிதம் எழுதினால் என்ன என்று தோன்றியது. ஐயா, எழுதியது நான், எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று. எழுதினால் புருஷன் பேர் கெடும். விட்டுவிட்டாள்.

செப்டம்பரில் சுபானின் கடிதம் வந்தது. பிளானிங் பிரிவில் அந்த இடத்துக்குக் கோழிக்கோட்டுக்காரர் ஒருவர் வந்துவிட்டார். இனி எப்போது காலியாகும் என்று தெரியாது. டிசம்பரில் இன்னொரு தடவை எழுதலாம் என்றால் லீவு கிடைக்காது. ‘பரவால்ல, எனக்கு இங்க பழகிடுச்சு’ என்று எழுதியிருந்தான். கீழே இன்னும் இரண்டு வரி: ‘பழைய கேசட்டெல்லாம் தேஞ்சு இழுக்குது. தூக்கமே வரமாட்டேங்குது. எதையாவது பேசி ஒண்ணு அனுப்பு. பாடம்னாலும் சரி.’

அவனுக்குப் பழகிவிட்டதாம். யாருக்குப் பழகியது? அக்தருக்குப் பழகவில்லை. ஒரு நாள்கூடப் பழகவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் அவள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

மூன்றாம் நாள் லுஹர் தொழுகை முடிந்ததும் டேப் ரிக்கார்டரை எடுத்து வைத்தாள். சத்தம் கேட்டு அமீருன்னிசா கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“கேசட்டா பேசறே? இரு, நானும் வர்றேன். அவங்கிட்ட நாலு சேதி சொல்லணும்.”

“பாடங்க மாமி” என்றாள் அக்தர்.

“அதுதான் முடிஞ்சு போச்சுன்னியே?”

“மறுபடியும் எழுதறாருங்க. பெரிய பாடம்.”

“என்னமோ போ” என்று அமீருன்னிசா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சுச் சீராக வந்தது. மாமியாரிடம் அக்தர் துணிந்து சொன்ன முதல் பொய் அது.

பொத்தானை அழுத்தினாள். நாடா சுற்ற ஆரம்பித்தது. வாயைத் திறந்தால் ‘ஒரு வேலைய எடுத்துக்குங்க’ என்றுதான் வந்தது. நிறுத்தினாள், பின்னால் ஓட்டினாள், மறுபடி அழுத்தினாள்.

“ஏங்க, நான்தான். இந்தத் தடவை பாடம் இல்லைங்க. ரூமுல அவங்க இருந்தா நிறுத்திடுங்க, தனியா இருக்கறப்ப போட்டுக் கேளுங்க.” மாமியாரின் கட்டில் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “ஒரு மாசம் வந்தீங்க. அதுல ஏழு நாளு நான் வாயே திறக்கல, நீங்க தூங்கிடுவீங்கன்னு. பாஸாயிட்டா அப்புறம் பேசிக்கலாம்னு இருந்தேன். இனி எப்பங்க பேசறது? பழகிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. எனக்குப் பழகலைங்க. இந்த வூட்டுல எனக்குப் பேச ஆளே இல்லை. படுத்துக்கிட்டுக் கேக்காதீங்க, எழுந்து உக்காந்துக்குங்க. இந்த ஒரு பக்கம் மட்டும் தூங்காம கேளுங்க.”